ஆறுமுகத்துக்குச் சாப்பாடு போட்டவர்கள்

சுங்கை மெலாத்தி தோட்டம்,
அசாம் ஜாவா.
4 மார்ச் 1951

அன்புள்ள லில்லியன்,

நீ கிள்ளானில் உன் அத்தை வீட்டுக்குப் போன பிறகு, காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக்கூடாது என்று, நம் லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள், அரிசியை அளந்து கொடுத்தார்கள், இருட்டிய பிறகு யாரும் வெளியே வரக்கூடாது என்றார்கள். இவற்றை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இந்த வாரம் ஒன்றைப் பார்த்தேன். அதை எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

ரப்பர் ஆலையில் பழைய எண்ணெய் இஞ்சினையும், கூரை வரைக்கும் ஓடிய பெல்ட்டுகளையும் கழற்றிவிட்டார்கள். இனி ஒவ்வொரு ரோலருக்கும் தனித்தனி மோட்டார். அந்த மோட்டார்களுக்குக் கரண்ட் கொடுக்க ஓர் இரும்பு அலமாரி வந்திருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து வந்த இன்ஜினியரும் ஆலை ஃபிட்டரான உன் அப்பா சூசைமுத்து மாமாவும்தான் அதைப் பொருத்தினார்கள். நான் பள்ளி விட்டதும் என் அப்பா கணக்கு எழுதும் கிராணி அறையில் உட்கார்ந்து பாடம் படிப்பேன் அல்லவா? அலமாரி அங்கேதான் நிற்கிறது; அதன் கம்பிவலைக் கதவு வழியாக எல்லாம் தெரியும்.

அலமாரிக்குள் இருப்பது ஒரு கண்ணாடிக் குடுவை, லில்லியன். பெரிய பூசணிக்காய் அளவு இருக்கும். அதிலிருந்து ஆறு கைகள் பக்கவாட்டில் முளைத்து வளைந்திருக்கின்றன. அடியில் பாதரசம் குளம்போல் கிடக்கிறது. வைக்கோல் அடைத்த பெட்டியிலிருந்து அதைத் தூக்கும்போது உள்ளே பாதரசம் உருண்டு கண்ணாடியில் ‘களக்’ என்று மோதியது. சூசைமுத்து மாமா அப்படியே சிலைபோல நின்றுவிட்டார். வேகமாகச் சாய்த்தால் பாதரசத்தின் கனமே கையை உடைத்துவிடுமாம். கோயிலில் பாதிரியார் திருப்பாத்திரத்தைத் தூக்குவது போலத்தான் அதைத் தூக்கி வைத்தார்கள்.

பிறகு மாமா சுவிட்சைப் போட்டார். உள்ளே ஓர் ஊசி இறங்கிப் பாதரசத்தைத் தொட்டு மேலே வந்தது. ஒரு பொறி. அவ்வளவுதான், குடுவை முழுக்க ஊதா வெளிச்சம்! பாதரசக் குளத்தின் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி நிற்காமல் ஓடியது. எனக்கு மூச்சு விட மறந்துபோனது.

அது என்ன செய்கிறது என்று மாமாவைக் கேட்டேன். ஜெனரேட்டரிலிருந்து வரும் கரண்ட் முன்னும் பின்னும் மாறி மாறி ஓடுமாம். இந்த மோட்டார்களுக்கோ ஒரே பக்கம் ஓடும் கரண்ட்தான் வேண்டும், அப்போதுதான் ரோலரை நினைத்த வேகத்தில் ஓட்டலாம். குடுவை கரண்டை ஒரு பக்கம்தான் விடும், திரும்ப விடாது. இப்போது நம் கம்பிவேலி வாசலில் காலையில் வெளியே மட்டும்தான் விடுகிறார்கள், அப்படி. ஆனால் இங்கே வாசல் ஆறு. ஒன்று மூடும்போது அடுத்தது திறப்பதால் ஓட்டம் நிற்பதே இல்லை.

ரோலர்காரர்கள் ஆறு கைகளைப் பார்த்துவிட்டு அதற்கு ஆறுமுகம் என்று பேர் வைத்துவிட்டார்கள். “கைதானே ஆறு, முகம் ஒண்ணுதானேப்பா?” என்று மாமா கேட்டதற்கு, “நீங்க வேதக்காரரு, உங்களுக்கு எங்க சாமி கணக்கு தெரியாதுலா” என்று பதில் வந்தது. மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.

உன் முரியல்


கிள்ளான்,
11 மார்ச் 1951

முரியல்,

கடிதம் கிடைத்தது. அத்தையும் படித்தார். “இந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆனா புருஷனைப் பத்தி இவ்வளவு எழுதுவாளா?” என்று கேட்டார்.

நீ பாதரசத்தின் கனம் வரைக்கும் எழுதியிருக்கிறாய். என் அப்பா இளைத்தாரா, இருமல் நின்றதா என்று ஒரு வரி இல்லை. அம்மா போன பிறகு அவர் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர். பாதுகாப்புக்காக என்னை இங்கே அனுப்பிவிட்டார். எனக்கு இங்கே பாதுகாப்பும் அத்தையின் புளிச்சாறும் தவிர வேறொன்றும் இல்லை.

என் அப்பா விழுந்து விழுந்து சிரித்ததை நீ பார்த்திருக்கிறாய். நான் பார்த்து ஒரு வருஷம் இருக்கும். மாதக் கடைசியில் வருகிறேன். அதற்குள் அப்பாவைப் பற்றி எழுது. உன் ஆறுமுகத்தைப் பற்றியும் வேண்டுமானால் எழுது, ஆனால் சுருக்கமாக.

லில்லியன்


சுங்கை மெலாத்தி தோட்டம்,
18 மார்ச் 1951

அன்புள்ள லில்லியன்,

சுருக்கமாகவே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

ஆறுமுகம் நலம். தினமும் பிற்பகலில் உன் அப்பாதான் போய் அவரை எழுப்புகிறார். வேறு யாரையும் அவர் பக்கத்தில் விடுவதில்லை. நல்லம்மாள் அக்கா சாப்பாடு போடுகிறார். போடப் போட அவர் முகம் மலர்கிறது; நிறுத்தினால் வாடிவிடுகிறது. இருட்டும் நேரத்தில் அவர் ஜன்னல் வழியாகக் காட்டோர மரங்களுக்குச் சைகை காட்டுகிறார். மரங்களும் ஏதோ பதில் சொல்வதுபோல் இருக்கிறது. துரைக்கு அவர் பெயர் தெரியாது. யாரும் சொல்லவும் மாட்டார்கள். இப்படி ஒருவர் நம் தோட்டத்தில் இருக்கிறார் என்று நினைத்தாலே எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

உன் அப்பாவின் இருமல் நின்றுவிட்டது. ஆறுமுகம் வந்ததிலிருந்து அவர் வேறு மனிதராகிவிட்டார்.

உன் முரியல்


கிள்ளான்,
2 ஏப்ரல் 1951

முரியல்,

உனக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் எப்படி நடந்தது என்று நீ என்னிடமிருந்தே படிக்க வேண்டும்.

சனிக்கிழமை பஸ்ஸில் வந்தேன். ஜெராம் தாண்டி, சுங்கை செம்பிலாங் திரும்பும் இடத்தில் போலீசார் எல்லோரையும் இறக்கினார்கள். மீன்கூடைகளைக்கூடக் கவிழ்த்து அரிசியும் மருந்தும் தேடினார்கள். என் பையில் உன் இரண்டாவது கடிதம் இருந்தது. பஸ்ஸில் திரும்பப் படிப்பதற்காக எடுத்து வந்தேன். அப்பாவின் இருமல் நின்றுவிட்டது என்ற வரிக்காக.

மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருந்தார், செல்லையா என்று பெயர். அவர் வரிவரியாகப் படித்து இன்ஸ்பெக்டருக்கு இங்கிலீஷில் சொன்னார். ‘சைகை’ என்ற இடம் வந்ததும் இன்ஸ்பெக்டர் அந்தச் சொல்லைத் திரும்பச் சொல்லச் சொன்னார். காட்டோரத்தில் ஒளிந்திருக்கும் ஆறுமுகம் என்பவன் யார், அவனுக்குச் சாப்பாடு போடுவது யார் யார் என்று கேட்டார்கள்.

“அது மிஷின்லா சார்” என்றேன்.

செல்லையா சிரித்தார். “மிஷினுக்கு யாரு பாப்பா சோறு போடுவா? இப்படிச் சொல்லச் சொல்லி யார் சொல்லிக் கொடுத்தா?”

எனக்கு அழுகைதான் வந்தது. அழுததையும் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். அன்று மாலையே அப்பாவைப் பிடித்துவிட்டார்கள். என்னைத் தோட்டத்துக்கே விடாமல், அத்தையை வரவழைத்துக் கிள்ளானுக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

உன் முதல் கடிதத்தில் கண்ணாடி என்றும் பாதரசம் என்றும் எழுதியிருந்தாயே, அதைக் காட்டலாம் என்று ஓடி வந்து தேடினேன். ‘போலீஸ்’ என்ற சொல்லைக் கேட்டதுமே அத்தை அதை அடுப்பில் போட்டுவிட்டார்.

காட்டில் இருப்பவர்களுக்குச் சோறு கொடுத்தவர்களை விசாரணையே இல்லாமல் அடைத்து வைப்பார்கள், பிறகு இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். அப்பா இந்தியாவைப் பார்த்ததே இல்லை. எனக்கு அவரைத் தவிர யாரும் இல்லை.

நீ அழகாக எழுதுவாய் என்று டீச்சர் சொல்வார். அழகாக எழுதிவிட்டாய். இனி எனக்கு எழுதாதே.

லில்லியன்


சுங்கை மெலாத்தி தோட்டம்,
6 ஏப்ரல் 1951

லில்லியன்,

எழுதாதே என்றாய். எழுதாமல் இருந்தால் எனக்குச் சுலபம். அதனால்தான் எழுதுகிறேன்.

போலீசார் திரும்பத் திரும்ப வந்தார்கள். லயத்தில் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, “ஆறுமுகத்துக்குச் சாப்பாடு போட்டது யார்?” என்று செல்லையா கேட்டார். நல்லம்மாள் அக்கா கையைத் தூக்கிவிட்டார்.

“நான்தாங்க. மூணு வேளையும் போடுறேன்.”

“எங்க இருக்கான் இப்போ?”

“வீட்டுலதாங்க. தூங்குறான்.”

துப்பாக்கிகளோடு ஓடினார்கள். அக்காவின் கடைசி மகன் தொட்டிலிலிருந்து எழுந்து அவர்களைப் பார்த்துக் கத்தினான். அவன் பெயரும் ஆறுமுகம் என்பது எனக்கு நினைவே இல்லை. யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு நமக்குக் கெடுதலாகப் போனது. தோட்டமே சேர்ந்து விளையாடுகிறது என்று இன்ஸ்பெக்டர் நினைத்துவிட்டார்.

அலமாரியையும் திறந்து பார்த்தார்கள். ஆனால் மாமா இல்லாமல் அதை ஓட்ட ஆள் இல்லை. இன்ஜினியர் சிங்கப்பூருக்கே போய்விட்டார். குடுவை இருண்டு கிடந்தது. வெறும் கண்ணாடி. “இதுவா சைகை காட்டியது?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். துரை அது ஆலை மிஷின் என்று மட்டும் சொன்னார். ஆறுமுகம் என்ற பெயரைத் தாம் கேள்விப்பட்டதே இல்லை என்றார். உண்மைதான். அதையும் நான் எழுதியிருந்தேனே.

நான் முன்னால் போய், “கடிதம் எழுதியது நான்தான்” என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து, “கிராணி மக வாயைத் திறந்தா கிராணியையும் சேர்த்துத்தான் கொண்டுபோவாங்க. அப்புறம் உங்க அம்மா எங்க போவா?” என்றார்.

ஆனாலும் நான் எழுதினேன். அந்தக் கடிதத்தின் ஒவ்வொரு வரியையும் நினைவிலிருந்து எழுதி, அதன் கீழே அதற்கு என்ன பொருள் என்று எழுதினேன். ‘எழுப்புகிறார்’ என்றால் ஊசி பாதரசத்தைத் தொட்டு மேலே வருவது. ‘சாப்பாடு’ என்றால் நல்லம்மாள் அக்கா ரோலரில் போடும் ரப்பர் பாளம். பாளம் விழுந்தால் ரோலருக்குப் பளு கூடும். மோட்டார் அதிகக் கரண்டை இழுக்கும். அந்தக் கரண்ட் முழுவதும் குடுவை வழியாகத்தான் போக வேண்டும், அதனால் வெளிச்சம் பெரிதாகும். ரப்பர் நசுங்கி வெளியே வந்ததும் வெளிச்சம் குறையும். அதுதான் ‘முகம் மலர்வது’. அதுதான் ‘சைகை’. இதை எழுதும்போதுதான் எனக்கே முழுதாகப் புரிந்தது. அடுத்த அறையில் ஒரு பெண் குனிந்து பாளத்தைத் தள்ளுகிறாள். அவள் கையின் பாரம் இந்த அறையில் வெளிச்சமாகிறது. நான் பார்த்துக்கொண்டிருந்தது மரத்தையும் அல்ல, சாமியையும் அல்ல, அக்காவின் வேலையை.

மேசை மேல் வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் அப்பா முழுவதையும் தம் கையாலேயே இங்கிலீஷில் எழுதி, அடியில் ‘ராஃபேல், ஆலைக் கிராணி’ என்று கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். என் பெயரை எங்கும் காணோம். நான் கேட்டு வாங்கி, என் பெயரையும் கீழே எழுதினேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, அதை எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்.

முரியல்


கிள்ளான்,
10 ஏப்ரல் 1951

முரியல்,

படித்தேன்.

அத்தையோடு போய் அப்பாவைப் பார்த்தேன். நடுவில் கம்பி. வாயின் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. நான் என்னென்னவோ சொல்ல நினைத்துப் போனேன். அவர் முதலில் கேட்டது இதுதான்: “மிஷினை யாரும் தொடலையே?”

“உங்களை உள்ள போட்டதே அதுதான்லா அப்பா!” என்று கத்திவிட்டேன். காவலுக்கு நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

“அது என்ன செஞ்சுச்சு, பாவம்” என்றார். “யாராவது ஓட்டுறதா இருந்தா அடியில இருக்கிற விசிறி முதல்ல ஓடணும். காத்து இல்லாம ஓட்டினா கண்ணாடி தாங்காது. முரியல்கிட்ட சொல்லு. அவ பார்த்திருக்கா.”

சொல்லிவிட்டேன்.

உன் மேல் கோபம் போகவில்லை. உன் அப்பா கையெழுத்துப் போட்டதை அப்பாவிடம் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

லில்லியன்


சுங்கை மெலாத்தி தோட்டம்,
20 ஏப்ரல் 1951

அன்புள்ள லில்லியன்,

மாமாவே இதற்குள் உனக்குச் செய்தி அனுப்பியிருப்பார். ஆனால் அவர் குறைவாகப் பேசுகிறவர். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஓர் உவமைகூடப் போடாமல் எழுத முயல்கிறேன்.

நேற்று அந்தி சாயும் நேரத்தில் ஜீப் வந்தது. மாமாவின் ஒரு கையை ஒரு கான்ஸ்டபிளின் கையோடு விலங்கிட்டிருந்தார்கள். கிராணி அறையில் என்னையும் அப்பாவையும் நிற்க வைத்தார்கள். இன்ஸ்பெக்டரின் கையில் என் கடிதமும் அப்பா எழுதியதும் இருந்தன. “வரி வரியாகப் படி. ஒவ்வொரு வரியையும் எனக்குக் காட்டட்டும்” என்று செல்லையாவிடம் சொன்னார். பொய் என்றால் எங்கள் எல்லோரையும் சேர்த்து உள்ளே போடுவேன் என்றார்.

செல்லையா படித்தார்: “உன் அப்பாதான் போய் அவரை எழுப்புகிறார்.”

விலங்கைக் கழற்றினார்கள். மாமா முதலில் விசிறியைப் போட்டார். அடியில் கையை வைத்துக் காற்று வருகிறதா என்று பார்த்தார். பிறகு சுவிட்ச். ஊசி இறங்கியது. பொறி வரவில்லை. ஊசி மறுபடி இறங்கியது, மறுபடியும் ஒன்றுமில்லை. இன்ஸ்பெக்டர் கடிதத்தை மடிக்கத் தொடங்கினார். மாமா யாரையும் பார்க்கவில்லை. “ரொம்ப நாளா சும்மா கிடந்துச்சு, எந்திரிக்க நேரமாகும்” என்று குடுவையிடமே சொல்வதுபோல் சொன்னார்.

மூன்றாவது முறை அது எழுந்தது.

அறை முழுக்க ஊதா. கான்ஸ்டபிள் பின்னால் நகர்ந்து சுவரில் இடித்துக்கொண்டார். செல்லையா, “முருகா!” என்றார். பிறகு, அது தம் வாயிலிருந்தா வந்தது என்பதுபோல் எங்களைப் பார்த்தார்.

“அடுத்த வரி” என்றார் இன்ஸ்பெக்டர்.

“நல்லம்மாள் அக்கா சாப்பாடு போடுகிறார்.”

ரோலர்கள் சுவருக்கு அந்தப் பக்கம். இன்ஸ்பெக்டர் செல்லையாவை இரண்டு அறைக்கும் நடுவே வாசலில் நிறுத்தினார். பாளம் ரோலரில் விழும்போதெல்லாம் அவர் கையைத் தூக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் குடுவையை மட்டும் பார்ப்பார். வெளிச்சம் பெருகியது, திரும்பிப் பார்த்தார், செல்லையாவின் கை மேலே இருந்தது. மறுபடி பெருகியது, கை மேலே. பிறகு இன்ஸ்பெக்டர் செல்லையாவின் காதில் ஏதோ சொன்னார். செல்லையா உள்ளே போய் வந்து கையைத் தூக்கினார். வெளிச்சம் மாறவே இல்லை. உள்ளேயிருந்து அக்காவின் குரல்: “போடாதேன்னுட்டு நீங்க பாட்டுக்குக் கையைத் தூக்கினா அது எப்படிங்க எரியும்?”

இன்ஸ்பெக்டருக்கு மொழிபெயர்த்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கடைசி வரியைத் தாமே விரலால் தொட்டுக் காட்டினார். சைகை.

எல்லோரும் வெளியே போனோம். ஜன்னலுக்கு எதிரே காட்டோர மரங்கள் இருண்டிருந்தன. உள்ளே பாளம் விழுந்தது. மரங்கள் அடியிலிருந்து நுனிவரை ஊதாவாகி, ஒவ்வொரு இலையும் தெரிந்து, மெல்ல மறைந்தன. மறுபடி விழுந்தது; மறுபடி வந்தன. காரணம் எனக்குத் தெரியும், லில்லியன். வரிவரியாக நானே எழுதிக் கொடுத்த காரணம். ஆனாலும் முதல் நாளைவிட அதிகமாக என் உடம்பு நடுங்கியது. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அங்கேயே நின்றார்.

பிறகு, அறிக்கையில் எழுத அதன் சரியான பெயர் என்ன என்று கேட்டார். அப்பா, “ரெக்டிஃபையர்” என்றார். அதற்கு என்ன பொருள் என்று செல்லையா என்னைக் கேட்டார். அகராதியில் பார்த்திருந்தேன்: “கோணலை நேராக்குகிறவர்.”

“அட, இதுவும் ஆள் பேரு மாதிரிதானே இருக்கு!” என்று செல்லையா தலையில் கையை வைத்துக்கொண்டார். “பாப்பா, நான் இதை மிஷின்னே எழுதுறேன்.”

மாமாவை விட்டுவிட்டார்கள். வாரத்துக்கு ஒருமுறை ஸ்டேஷனில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். காட்டுப் பக்க ஜன்னலுக்குத் தார் பூச வேண்டும் என்று உத்தரவு. இன்று காலையில் பூசிவிட்டார்கள். இனி மரங்களுக்கு ஒன்றும் தெரியாது.

மாமா அலமாரிக் கதவைப் பூட்டும்போது, நான் பார்ப்பதற்காகக் கொஞ்சம் விலகி நின்றார். அவ்வளவுதான்.

நீ இதற்குப் பதில் எழுதாவிட்டாலும் எனக்குப் புரியும்.

முரியல்


கிள்ளான்,
27 ஏப்ரல் 1951

முரியல்,

அப்பா வந்திருந்தார். அத்தை கோழி அடித்தார். அப்பா ஒரு பக்கத்துப் பல்லால் மட்டும் மென்றார். என்ன செய்தார்கள் என்று கேட்டேன். “கேட்டதையே கேட்டாங்க. ஆறுமுகம் யாரு, ஆறுமுகம் யாருன்னு. நானும் சொன்னதையே சொன்னேன். கண்ணாடின்னு சொன்னா அடி” என்றார். பிறகு, “ஒரு கட்டத்துல எனக்கே சந்தேகம் வந்திடுச்சும்மா. அப்படி ஒண்ணு நிஜமாவே இருக்கான்னு” என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

பேச்சை மாற்றத்தான் அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டேன். அவ்வளவுதான். சாப்பிட்ட கையோடு எழுந்து, என் பலகையை எடுத்து, ஆறு கைகளையும் வரைந்து, எது எப்போது திறக்கும் எது எப்போது மூடும் என்று கோடு கோடாகக் காட்ட ஆரம்பித்தார். பாதியில் சுண்ணக்கட்டி உடைந்தது. அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டே, “இந்த மனுஷனைப் போயா பிடிச்சாங்க” என்றார். ஆறு வாசல் மாறி மாறித் திறந்து மூடுவது வரைக்கும் எனக்குப் புரிந்தது. அதற்கு மேல் புரியவில்லை. ஆனால் அவர் சிரித்தார். நான் பார்த்தேன்.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று எனக்குத் தெரியவில்லை. நீ எழுதியதால் அப்பா போனார். நீ எழுதியதால் வந்தார். இரண்டையும் எப்படிச் சேர்த்து வைத்துக்கொள்வது என்று நான் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

இத்தனைக்கும் காரணமான அதை நான் மட்டும்தான் இன்னும் பார்க்கவில்லை. பஸ்ஸில் இறக்கினார்கள், கேள்வி கேட்டார்கள், கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினேன். எல்லாம் எதற்காக என்று கண்ணால் பார்த்ததில்லை. அடுத்த வாரம் சனிக்கிழமை வருகிறேன். பையில் துணியைத் தவிர ஒன்றும் இருக்காது.

ஆலை வாசலில் என் பக்கத்தில் நில், முரியல். அப்பா சுவிட்சைப் போடும்போது எனக்கு எதையும் விளக்காதே, எதையும் எதனோடும் ஒப்பிடாதே. ஒரு வார்த்தையும் பேசாதே. நானே பார்க்கிறேன்.

லில்லியன்